சுங்கை சிப்புட் கல்வி முகாம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் முடிவு வந்ததும் கோயில் மண்டபத்தில் நீங்கள் நடத்தும் முகாமால் மேலே வந்த பிள்ளைகள் நம் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் நிறையப் பேர். மருத்துவம், பொறியியல், கணக்கியல், சட்டம் என்று எல்லாவற்றுக்கும் மேசை போடுகிறீர்கள். உளவியல் படிக்கிறேன் என்று வரும் பிள்ளையை மட்டும் “படிச்சிட்டு என்ன வேலைக்குப் போவ?” என்று கேட்டு அடுத்த மேசைக்கு அனுப்புகிறீர்கள். உளவியல் படித்தவள் என்ற முறையில், அந்தக் கேள்விக்கான பதிலும் முகாமிலேயே கிடைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நம் ஊர்ப்பக்கக் கிளினிக்குகளில் நடப்பது உங்களுக்கும் தெரியும். பால்மரம் வெட்டி ஓய்ந்த பாட்டிக்குத் தூக்கமில்லை, நெஞ்சடைப்பு. டாக்டர் மலாயில் கேட்பதை, கூட வந்த பேத்தி தமிழில் சொல்கிறாள். குடித்துவிட்டு வந்து மகன் அடிப்பதைப் பாட்டி அவளிடம் எப்படிச் சொல்வார்? அடிப்பவர் அவளுடைய அப்பா. “வயசாயிடுச்சு, அதான்” என்று முடித்துக்கொண்டு மாத்திரையோடு வீடு திரும்புகிறார். அங்கே தமிழ் தெரிந்த ஓர் உளவியலாளர் உட்கார்ந்திருந்தால், பேத்தியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பாட்டியிடம் பேசியிருக்கலாம். பிள்ளைகள் நிலையும் லேசில்லை. 2022-இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில், 13 முதல் 17 வயதுள்ளவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு தெரிந்தது.

அதற்காக ஆசை காட்டி அனுப்பவும் வேண்டாம். இந்தப் பட்டப்படிப்பில் புள்ளியியலும் ஆய்வு முறையும் நிறைய வரும். கணக்கு என்றாலே ஓடும் பிள்ளைக்கு அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இளங்கலையோடு யாரும் மருத்துவ உளவியலாளர் ஆகிவிட முடியாது. அதற்கு மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் நடக்கும் முதுகலைப் படிப்பையும் முடிக்க வேண்டும். ஆலோசகர் (கவுன்சலர்) ஆவது வேறு வழி. 1998 ஆலோசகர் சட்டப்படி பதிவு வேண்டும், அதற்கு ஆலோசனைத் துறையிலேயே பட்டம் வேண்டும். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துச் சேர்ந்து, கடைசி ஆண்டில் விழிக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. முதுகலைக்கு வசதியில்லாத பிள்ளைக்கு மனிதவளப் பிரிவு, சிறப்புக் குழந்தைகளுக்கான மையம், தொண்டு நிறுவனம் என்று வேலைகள் உண்டு. தனியார் கல்லூரி என்றால் எம்.கியூ.ஏ. என்ற மலேசியத் தகுதி முகமையின் அங்கீகாரம் படிப்புக்கு இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டச் சொல்லுங்கள். அது இல்லாமல் அரசின் உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என்.-உம் கிடைக்காது.

அடுத்த முகாமில் உளவியலுக்கும் ஒரு மேசை போடுங்கள். நான் வந்து உட்காருகிறேன். பதிவு பெற்ற ஆலோசகர் ஒருவரையும் அழைத்து வருகிறேன். பெற்றோரும் கூட இருக்கட்டும், செலவுக் கணக்கை அவர்களிடமே நேராகப் பேசிவிடலாம்.

அன்புடன்,
உங்கள் முகாமுக்கு வந்து படிக்கப் போனவள்