நீ அனுப்பிய 22 விநாடி

அன்புள்ள சண்முகம்,

இங்கே எல்லோரும் நலம். மூன்று மாதம் பதில் போடாததற்கு நீ திட்டுவாய் என்று தெரியும். திட்டி முடித்துவிட்டு மேலே படி. மைதிலி வீட்டு விசேஷத்துக்கு உன் பெயரிலும் மொய் எழுதியாயிற்று. கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

என்னைப் பேனா எடுக்க வைத்தது நீ அனுப்பிய அந்த 22 விநாடி வீடியோ. லாஸ் வேகஸில் டிராபிகானா என்ற சூதாட்ட ஓட்டலின் இரண்டு கோபுரங்களும் 2024 அக்டோபர் 9, விடியற்காலை இரண்டரை மணிக்கு மடிந்து விழுகிற காட்சி. வாணவேடிக்கை, வானத்தில் டிரோன், கீழே கைதட்டல். சாவு வீட்டில் கல்யாண மேளம். அதுவாவது போகட்டும், அடியில் நீ எழுதியிருந்தாயே ஒரு வரி: "ரவுடிகள் வைத்திருந்தவரை நன்றாக இருந்தது, கம்பெனிக்காரன் வந்துதான் கெடுத்தான்." தாசப்பன் சார் இருந்திருந்தால் ஒரே கேள்விதான் கேட்டிருப்பார்: வவுச்சர் எங்கே?

வவுச்சர் இருக்கிறது, சண்முகம். அதுவும் ஒரு சட்டைப்பையிலிருந்து கிடைத்தது.

1957 ஏப்ரல் 4-ல் திறந்தார்கள். செலவு 15 மில்லியன் டாலர், அறைகள் 300. மூன்றே மாடி, வாசலில் துலிப் பூ வடிவத்தில் 60 அடி உயர நீரூற்று. "ஸ்ட்ரிப்பின் டிஃபனி" என்று பெயர் வாங்கிய இடம் (ஸ்ட்ரிப் என்பது வேகஸின் சூதாட்ட ஓட்டல் வீதி, டிஃபனி பெயர்போன நகைக்கடை). கட்டியவர் மயாமி பீச்சில் ஓட்டல் வைத்திருந்த பென் ஜாஃபி. நடத்த வந்தவர் ஃபில் காஸ்டெல். அவர் யாருடைய ஆள் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் காகிதத்தில் இல்லை. ஒரு மாதம்கூட ஆகவில்லை, மே 2-ல் காஸ்டெலின் பழைய கூட்டாளியான நியூயார்க் மாஃபியா தலைவர் ஃபிராங்க் காஸ்டெல்லோவை அவர் வீட்டு வாசல் கூடத்திலேயே சுட்டார்கள். குண்டு தலையை உரசிப் போனது. ஆஸ்பத்திரியில் போலீஸ் அவர் கோட்டுப் பையைத் துழாவியபோது ஒரு துண்டுச் சீட்டு. ஏப்ரல் 27 வரை கேசினோவின் மொத்த வெற்றி 6,51,284 டாலர் என்று எழுதியிருந்தது. அதன் கீழே பிரிவு: மேசைகளில், கடன் சீட்டு நீங்கலாக 4,34,695. காசு போட்டு ஆடும் மெஷின்களில் 62,844. கடன் சீட்டில் நிற்பது 1,53,745. கூட்டிப் பார், டாலர் பிசகாது. நெவாடா அதிகாரிகள் டிராபிகானாவின் கணக்கோடு ஒப்பிட்டார்கள், அப்படியே பொருந்தியது.

நீ இந்தச் சீட்டை மர்மக்கதை மாதிரி ரசிப்பாய். நான் கணக்காகப் படிக்கிறேன். திறந்து 24 நாளில் வந்த வெற்றியில் ஏறக்குறைய கால் பங்கு, கையில் வராத கடன். பெரிய ஆட்டக்காரன் கையெழுத்துப் போட்டு சிப்பு (பணத்துக்குப் பதிலான வில்லை) வாங்கி ஆடுகிறான், தோற்கிறான், ஊருக்குப் போய்விடுகிறான். அதில் எவ்வளவு வசூலாகும், யார் போய்க் கேட்பார்கள் என்பதுதான் அந்தக் காலத்து ஓட்டலின் உயிர்நாடி. மெஷின்களோ பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இன்று நெவாடா முழுவதையும் எடுத்தால் சூதாட்ட வரவில் மூன்றில் இரண்டு பங்கு மெஷினிலிருந்துதான். அதாவது டிராபிகானா கட்டப்பட்டது மேசைக்கார உலகத்துக்கு. நூறு பேர் பெரிய பந்தயம் வைத்தால் மீதி எல்லாவற்றையும் சும்மா கொடுக்கலாம் என்கிற கணக்கு. அறை இலவசம், ஸ்டேக் இலவசம். 1959 கடைசியில் லூ வால்டர்ஸ் பாரிஸிலிருந்து கொண்டுவந்த ஃபோலி பெர்ஜேர் நடனமும் அந்தக் கணக்கில் வந்ததுதான். டிக்கெட்டில் லாபம் வர வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஷோ முடிந்து வெளியே போக மேசைகளைத் தாண்டித்தான் போக வேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம். அந்த நடனம் 2009 மார்ச் வரை, ஐம்பது வருஷத்துக்குச் சில மாதம் குறைய, ஓடியது.

இப்போது உன் "நன்றாக இருந்த" ரவுடிக் காலத்துக்கு வருகிறேன். பாலில் ஏடு எடுக்கிற மாதிரி, எண்ணுவதற்கு முன்பே பணத்தை வழித்து எடுப்பது. எப்படி எடுப்பார்கள் என்று நீ போன தடவை கேட்டாய், நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். இதோ முறையாக.

ஒரு பிளாக்ஜாக் சீட்டாட்ட மேசை. ஷிஃப்ட் தொடக்கத்தில் தட்டில் 50,000 டாலருக்கு சிப்பு. நடுவில் குறைந்தால் கல்லாவிலிருந்து நிரப்புவார்கள், அதற்கு நகல்களோடு சீட்டு எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். அன்றைக்கு 10,000 நிரப்பினார்கள் என்று வை. ஷிஃப்ட் முடிவில் தட்டில் 28,000. மேசைக்குக் கீழே பூட்டிய பெட்டியில் ஆட்டக்காரர்கள் போட்ட பணம் 40,000. மேசையின் வெற்றி என்ன? பெட்டியும் கடைசி இருப்பும் 68,000. தொடக்க இருப்பும் நிரப்பியதும் 60,000. கழித்தால் 8,000. பெட்டியில் 20 சதவீதம், நல்ல மேசை. இப்போது 2,000-க்கு ஒரு பொய் நிரப்புச் சீட்டு எழுது. சிப்பு எதுவும் மேசைக்குப் போகவில்லை. கல்லாவிலிருந்து 2,000 ரொக்கம் பாக்கெட்டுக்குப் போனது. கல்லாவின் இருப்பு சீட்டோடு சரியாக இருக்கும். மேசையின் வெற்றி 6,000 ஆகிவிடும், 15 சதவீதம். கேட்டால், "ஆட்டக்காரனுக்கு இன்று அதிர்ஷ்டம்." பிடிக்க வேண்டுமானால் ஒரே வழி, எந்த ஷிஃப்டில், யார் பொறுப்பில் சதவீதம் திரும்பத் திரும்பச் சரிகிறது என்று மாதக்கணக்கில் பார்ப்பது. பொறுப்பாளரே கூட்டாளி என்றால் அதுவும் நடக்காது. ஸ்டார்டஸ்ட் என்ற இன்னொரு சூதாட்ட ஓட்டலில் வேறு வழி: நாணயங்களை எண்ண மாட்டார்கள், எடை போடுவார்கள், தராசையே குறைத்துக் காட்டும்படி வைத்துவிட்டார்கள். நம் ஊர் ரேஷன் கடைக்காரன் கேட்டால் சிரிப்பான்.

டிராபிகானாவில் 1970களில் இதை நடத்தியது கன்சாஸ் சிட்டியின் சிவெல்லா கும்பல். உள்ளே அவர்களுடைய ஆள் ஜோ அகோஸ்டோ. சம்பளப் பட்டியலில் அவர் யார் தெரியுமா, அந்த ஃபோலி பெர்ஜேர் நடனத்தைத் தயாரிப்பவர். கேசினோ லைசென்ஸ் தேவைப்படாத நாற்காலி. 1975-ல் பெரும்பங்கை வாங்கியவர் ஸ்டாஃபர் கெமிக்கல் குடும்பத்து வாரிசு மிட்ஸி பிரிக்ஸ். அவர் பணத்தைக் கொட்டக் கொட்ட, இவர்கள் பின்பக்கம் வழித்தார்கள். 1978-ல் எஃப்.பி.ஐ. ஒட்டுக்கேட்டு எல்லாம் வெளியே வந்தது. அந்த ஜூன் முதல் அக்டோபர் வரை மட்டும் எடுத்தது சுமார் 2,80,000 டாலர். 1983-ல் தண்டனை. இதுதான் உன் பொற்காலம். வழித்தவன் குழாய் மாற்றினானா, மெத்தை மாற்றினானா?

கம்பெனிக்காரனையும் நான் விடப்போவதில்லை, பொறு.

1979-ல் ராமடா ஓட்டல் கம்பெனி வாங்கியது. முதலில் செலவு செய்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். 22 மாடிக் கோபுரமும், மேசைகளுக்கு மேலே பத்து லட்சம் டாலரில் நாலாயிரம் சதுர அடிக்கு வண்ணக் கண்ணாடி விதானமும் அந்த வருஷமே வந்துவிட்டன. 1986-ல் இரண்டாவது கோபுரம், ஐந்து ஏக்கரில் குளமும் அருவியும், இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து ஆடுகிற பிளாக்ஜாக் மேசை. நனைந்த நோட்டைக் காயவைக்க ஒரு மெஷின் வேறு. (பாலுவுக்கு இதைச் சொல்லாதே, அங்கேயே குடியேறிவிடுவான்.) அதற்குப் பிறகு? ஏறக்குறைய இருபது வருஷம் பெரிதாக ஒன்றுமில்லை. அந்த இருபது வருஷத்தில் பக்கத்தில் என்ன நடந்தது என்று பார். 1989-ல் மிராஜ் 3,044 அறைகளோடு வருகிறது. 1990-ல் எதிர்மூலையில் எக்ஸ்காலிபர், நாலாயிரம் அறை. 1993-ல் வடக்கே எம்.ஜி.எம். கிராண்ட், ஐயாயிரம் அறை, அதுவும் ஒரு காலத்தில் டிராபிகானாவின் கோல்ஃப் மைதானம் இருந்த மண்ணில். 1997-ல் நியூயார்க்-நியூயார்க். ஒரே நாற்சந்தி, நாலு மூலை, நடுவில் நடைமேம்பாலம். சூதாட்டத்தைவிட அறை, சாப்பாடு, ஷோ, மாநாடு இவற்றில் ஸ்ட்ரிப்புக்கு அதிகம் வர ஆரம்பித்ததும் அந்தப் பத்தாண்டின் கடைசியில்தான். இரண்டாயிரத்துக்கும் குறைவான அறையை வைத்துக்கொண்டு பெரிய மாநாட்டையும் பிடிக்க முடியாது, சின்ன ஓட்டல் என்று கட்டணம் கூட்டவும் முடியாது.

என்னுடைய வாதம் இங்கேதான். டிராபிகானாவைக் கொன்றது போட்டியும் இல்லை, வயதும் இல்லை. "எப்படியும் இடிக்கப் போகிறோம்" என்ற நினைப்பு. ராமடாவிலிருந்து 1989-ல் பிரிந்த அஸ்டார் கம்பெனி வருஷக்கணக்கில் திட்டம் போட்டது: இடித்துப் புதிதாகக் கட்டுவோம். இடிக்கப் போகிற கட்டடத்துக்கு எவன் செலவு செய்வான்? கோபுரத்தில் ஒரே செங்குத்துக் குழாயில் மேலும் கீழுமாக இருபது குளியலறை தொங்கும். குழாயை மாற்ற வேண்டுமானால் அந்த வரிசை அறைகளை எல்லாம் வாரக்கணக்கில் மூடி, சுவரை உடைத்து, ஓடு ஒட்டி, மறுபடி வண்ணம் அடிக்க வேண்டும். அஞ்சு வருஷத்தில் இடிப்போம் என்கிறவன் கசிகிற இடத்தில் ஒரு பட்டை இறுக்கிவிட்டுப் போவான். கார்பெட், லிஃப்ட், ஏ.சி., எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம். அப்புறம் அஞ்சு வருஷம் பதினைந்து வருஷம் ஆகிறது.

2007-ல் கொலம்பியா சஸெக்ஸ் என்ற ஓட்டல் கம்பெனி அஸ்டாரையே 2.75 பில்லியன் டாலருக்கு விழுங்கியது, பெரும்பகுதி கடனில். பத்தாயிரம் அறைக்கு மேல் கட்டப்போகிறோம் என்றார்கள். அட்லாண்டிக் சிட்டியில் இருந்த இன்னொரு டிராபிகானாவில் ஆட்களைக் கண்டபடி குறைத்ததும் சேர்ந்து, அந்த டிசம்பரில் நியூ ஜெர்ஸி லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்தது. கடனைத் தூக்கி நின்ற தூண் அது. 2008 மே மாதம் திவால். அடுத்து அலெக்ஸ் யெமெனிஜியன் குழு வந்து சுமார் 180 மில்லியன் போட்டு மயாமி பாணியில் எல்லாவற்றையும் வெள்ளையடித்தது. அது ஒன்றுதான் நேர்மையான முயற்சி என்பேன், ஆனால் இருபத்தைந்து வருஷம் தாமதம்.

பிறகு நடந்தது சுத்தமான நில வியாபாரம். 2015-ல் பென் நேஷனல் என்ற சூதாட்டக் கம்பெனி 360 மில்லியனுக்கு வாங்கியது. 2020-ல் கொரோனா வந்து கேசினோக்களைப் பூட்டியதும், நிலத்தையும் கட்டடத்தையும் ஜி.எல்.பி.ஐ. என்ற நில முதலீட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தது, பதிலுக்கு 307.5 மில்லியன் டாலர் வாடகைக் கழிவு. 2022-ல் பாலீஸ் கம்பெனி கட்டடத்தையும் நடத்தும் உரிமையையும் 148 மில்லியனுக்கு வாங்கியது, நிலம் மட்டும் ஜி.எல்.பி.ஐ.யிடமே நின்றது. கவனி: நிலம் ஒருவனுக்கு, கடை இன்னொருவனுக்கு. கடைக்காரன் வருஷா வருஷம் 10.5 மில்லியன் வாடகை கட்டுகிறான், ரிப்பேரும் அவன் தலையில்தான். நிலக்காரனுக்குக் கட்டடம் எக்கேடு கெட்டால் என்ன, 35 ஏக்கர் அங்கேயே இருக்கும். அதில் 9 ஏக்கரில் ஓக்லாந்து ஏஸ் பேஸ்பால் அணிக்கு சுமார் 30,000 பேர் உட்காரும் மைதானம் என்று 2023-ல் பேச்சு முடிந்தது. நெவாடா அரசு 380 மில்லியன் வரை கொடுக்கச் சட்டமும் போட்டது. 2024 ஏப்ரல் 2, நண்பகலில் கதவைச் சாத்தினார்கள். 67-வது பிறந்தநாளுக்கு இரண்டே நாள் இருந்தது. வேலை பார்த்த சுமார் 700 பேரைப் பற்றி உன் வீடியோவில் ஒரு விநாடிகூட இல்லை.

அந்த 22 விநாடிக்குப் பின்னால் ஆறு மாத வேலை இருக்கிறது. முதலில் ஆஸ்பெஸ்டாஸை எடுக்க வேண்டும், தூசியில் அது கலந்தால் ஊருக்கே ஆபத்து. கண்ணாடி, குழாய், உள்சுவர் எல்லாம் உரித்து எலும்புக்கூடாக்குவார்கள். தாழ்வான கட்டடங்களை இயந்திரத்தால் முன்பே இடித்தாகிவிடும். பிறகு தூண்களில் வேலை: கான்கிரீட் தூண் என்றால் துளையிட்டு உள்ளே மருந்து அடைப்பது, எஃகுத் தூண் என்றால் ஒட்டவைத்துக் கத்தி மாதிரி அறுக்கும் வெடி. இரண்டு கோபுரத்துக்கும் சேர்த்து ஏறக்குறைய ஒரு டன். எல்லாம் ஒரே நேரத்தில் வெடித்தால் கட்டடம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. அதனால் வரிசையாக, இடைவெளி விட்டு வெடிக்க வைப்பார்கள். எந்தப் பக்கத் தூண் முதலில் போகிறதோ அந்தப் பக்கம் சாயும். மருந்து தூணை மட்டும் எடுக்கிறது. மிச்ச வேலையைக் கட்டடத்தின் எடையே செய்துகொள்கிறது. வீடியோவை இன்னொரு தடவை, சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார், சாய்கிற வரிசை தெரியும்.

பாலு டிசம்பரில் மகனைப் பார்க்கப் போகும்போது வேகஸுக்கும் போகிறானாமே. அவனிடம் இரண்டு சொல். பிளாக்ஜாக் மேசைத் துணியில் "6-க்கு 5" என்று இருந்தால் உட்கார வேண்டாம். பழைய முறையில் 100 வைத்து பிளாக்ஜாக் வந்தால் 150 கொடுப்பார்கள், இங்கே 120. ஏறக்குறைய இருபத்தொரு ஆட்டத்துக்கு ஒரு முறை வருவது அது. அந்த 30 டாலரைக் குறைத்தால் கேசினோ பக்கம் கூடுதலாக ஒன்றரை சதவீதம் போகிறது. அப்புறம் அறை வாடகை மலிவு என்று குதிக்கச் சொல்லாதே, "ரிசார்ட் கட்டணம்" என்று ராத்திரிக்கு ராத்திரி தனியாகச் சேர்ப்பார்கள், அதைக் கேட்டுக்கொண்டு பதிவு செய்யட்டும்.

டிராபிகானா அவென்யூ என்று தெருப்பலகை இன்னும் இருக்கிறது. அதன் கீழே நின்று ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல், எனக்கு வேண்டும். உன் மொய் 501.

உன்,
வரதன்