துடுப்பைப் பெண்கள் கையில் கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். விடுமுறைப் படகுச் சவாரி பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையின் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். துடுப்பு பிடித்த பெண் ஒருத்தியும் இல்லை. எல்லோரும் நடுப்பலகையில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள்.

எனக்குச் சொந்த ஊர் செட்டிநாட்டுப் பள்ளத்தூர். எங்கள் ஐயா பர்மாவுக்குக் 'கொண்டு விற்க', அதாவது தொழில் செய்ய, கப்பலேறியவர்கள். வீட்டுத் தூண்களின் தேக்கும் கடல் கடந்து வந்ததுதான். அந்தக் கடலைக் கண்ணால் பார்க்காமலே அப்பத்தா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் என் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கண்மாயில் இறக்கி, நீந்தப் பழக்கியது அவர்கள்தாம். இன்று எங்கள் தெருவில் நீந்தத் தெரிந்த பெண் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஜாதகத்தில் 'தண்ணீரில் கண்டம்' என்று யாராவது சொல்லிவிட்டால் அத்தோடு சரி.

ஒரு படகுத் துறையில் நடந்தது இது. பணம் கட்டியவள் நான். திருப்புவது எப்படி, நிறுத்துவது எப்படி என்று ஊழியர் விளக்கியதோ என் பதின்மூன்று வயதுப் பேரனுக்கு! எனக்குக் கிடைத்தது, "அம்மா, அசையாமல் உட்காருங்கள்" என்ற ஒரே வாக்கியம்.

பிறகு தொண்டிப் பக்கம் ஒரு கடலோர ஊரில், மீனவக் குடும்பத்துப் பெண் ஒருவரிடம் கயாக் என்ற சிறு துடுப்புப் படகு ஓட்டப் பழகினேன். அவர் முதலில் சொல்லிக்கொடுத்தது கவிழ்வதை. துப்பட்டாவைக் கழற்றச் சொன்னார். உயிர்காப்பு அங்கியின் பட்டைகளை இழுத்து இறுக்கினார். இடுப்பளவு தண்ணீரில் படகை அவரே புரட்டிவிட்டார். படகை விட்டு நீந்தக் கூடாது, அதைப் பிடித்துக்கொண்டு மிதக்க வேண்டும். ஏறும்போது கால்களை உதைத்து உடம்பை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து, வயிற்றைக் குறுக்கே போட்டு, அப்புறம் புரண்டு உட்கார வேண்டும். மூன்று தடவை வழுக்கினேன். நான்காவது தடவை ஏறிவிட்டேன். அதோடு பயம் போயிற்று. இடப்பக்கம் துடுப்பு வலித்தால் படகின் முன்பக்கம் வலப்புறம் திரும்பும், பலம் தோளிலிருந்து அல்ல இடுப்பின் திருப்பத்திலிருந்து வர வேண்டும் என்பதெல்லாம் ஒரே காலையில் பிடிபட்டுவிட்டன.

சென்னைப் பெண் நேத்ரா குமணன் டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக்குகளில் பாய்மரப் படகு செலுத்தினார். புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா, கேரளத்துத் தில்னாவுடன் 'தாரிணி' என்ற பாய்மரப் படகில் உலகைச் சுற்றி 2025 மே மாதம் கரை திரும்பினார். உடன் வேறு யாரும் இல்லை. நான் அவ்வளவு தூரமெல்லாம் கேட்கவில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாகப் பெய்தால் எங்கள் பக்கத்துக் கண்மாய்கள் நிறைந்து கிடக்கும். (வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் வேண்டாம். பறவைகளுக்காகத் தீபாவளி வெடியையே விட்டுக்கொடுத்த ஊர்க்காரர்கள் இருக்கும் இடம் அது.) வேறொரு கண்மாயில் நாலைந்து சிறு படகுகள் போட்டு, வாரத்தில் ஒரு காலையைப் பெண்களுக்கென ஒதுக்க மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும். பெண்களின் அளவுக்கு உயிர்காப்பு அங்கிகள் வேண்டும். சொல்லிக்கொடுக்கக் கடற்கரை ஊர்ப் பெண்களையே சம்பளம் கொடுத்து அமர்த்தலாம். மோட்டார் படகு அப்புறம் வரட்டும்.

முதல் நாளே வந்து நிற்க என் மகளும் நானும், எதிர்வீட்டு ஆச்சியும் தயார். ஆச்சிக்கு வயது 67.

இப்படிக்கு,
வாசகி, பள்ளத்தூர்