சினிமாவுக்கு வெளிய இருக்குற மியூசிக் பேண்டுகளப் பத்தியும் எழுதுங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல மனசுல நின்ன பாட்டுகள்னு ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தீங்க. எல்லாம் நல்ல பாட்டுதான், அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல, ஆனா அத்தனையும் சினிமாப் பாட்டு, வெளிய இருந்து ஒண்ணு கூட இல்ல. சொந்தமா எழுதி, சொந்தமா மெட்டுப் போட்டு, பறையையும் டிரம்ஸையும் ஒரே மேடையில வச்சு வாசிக்கிற பேண்டுங்க நம்ம தமிழ்லயே இருக்கு, அவங்கள்ல ஒருத்தர் பேராவது அந்தப் பக்கத்துல வந்திருக்கணும்னு எனக்கு ரொம்ப ஆதங்கம், அதான் இத எழுதுறேன்.

நான் காரைக்குடிப் பக்கம் சவுண்ட் சர்வீஸ் வச்சிருக்கேன் சார். கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து, கட்சி மீட்டிங்னு எல்லாத்துக்கும் மைக் செட் போடுறது நாங்கதான். அதனால எங்க சுத்துவட்டாரத்துல மேடையில என்ன பாட்டு ஓடுதுன்னு எனக்கு நல்லாவே தெரியும். சாமி பாட்டுல ஆரம்பிச்சு, ராத்திரி ஆனா ஆடல் பாடல் இல்லாட்டி லைட் மியூசிக், அதுல இந்த வருஷத்து ஹிட்டு, அப்புறம் இளையராஜா, நடுவுல ரெண்டு குத்துப்பாட்டு, அவ்வளவுதான். ஜனங்களுக்கு வேற புடிக்காதுன்னு கமிட்டிக்காரங்க சொல்றாங்க, ஆனா வேறன்னு ஒண்ணு இருக்குங்கறதே ஜனங்களுக்கு யாரும் சொல்லல. போன்ல இருக்குற ஆப்பும் நாம நேத்து கேட்டத வச்சுத்தான் இன்னைக்குப் போடுது, அதுலயும் சினிமாதான் சுத்திச் சுத்தி வரும். சென்னை, பெங்களூர்னா காலேஜ் விழா இருக்கு, சின்னச் சின்ன அரங்கம் இருக்கு, ஒருத்தன் கேட்டுட்டு இன்னொருத்தனுக்குச் சொல்லுவான். தேவகோட்டையிலயும் திருப்பத்தூர்லயும் இருக்குற பையனுக்கு யாரு சார் சொல்றது, டீக்கடையில கெடக்குற உங்க பேப்பர்தான் சொல்லணும்.

எப்படித் தேடுறதுன்னு எனக்குத் தெரிஞ்ச வழியச் சொல்றேன், உங்க வாசகர்களுக்கும் உதவும். சினிமாப் பாட்டையே வாசலா வச்சுக்கோங்க. புடிச்ச பாட்டுல யார் இசை, யார் பாடுனது, யார் கிட்டார்னு பேரப் பாத்து, அந்த ஆளு சினிமாவுக்கு வர்றதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டு இருந்தாருன்னு பின்னாடி போனா ஒரு பேண்டு கண்டிப்பா கெடைக்கும். 2018ல '96' படப் பாட்டக் கேட்டு உருகாத ஆளு கிடையாது, அந்த கோவிந்த் வசந்தா அதுக்கு முன்னாடியே கொச்சியில 'தைக்குடம் பிரிட்ஜ்'னு ஒரு பேண்ட ஆரம்பிச்சவர்ல ஒருத்தர். 2013ல இருந்து வாசிக்கிறாங்க, 'நவரசம்'னு ஒரு ஆல்பம் இருக்கு, அதுல அவரோட வயலினக் கேளுங்க. அதே மாதிரி 'மஞ்சும்மல் பாய்ஸ்' மலையாளப் படமா இருந்தாலும் நம்ம ஊர் தியேட்டர்ல எவ்வளவு கூட்டம், அதுக்கு மியூசிக் போட்ட சுஷின் ஷ்யாம் கண்ணூர்ல இருந்து வந்த 'தி டவுன் ட்ரோடன்ஸ்'ங்கற பேண்டுல கீபோர்டு வாசிச்சவர். அது மெட்டல்ங்கற முரட்டு ராக், கொஞ்சம் கத்தும், எடுத்த உடனே எல்லாருக்கும் புடிக்கும்னு நான் சொல்லமாட்டேன், ஆனா வட மலபார் பக்கத்துத் தெய்யத்தோட வேகத்த கிட்டார்ல கொண்டு வந்திருக்காங்க, அத நல்ல ஹெட்போன்ல கேட்டா புரியும்.

இப்ப தமிழுக்கு வரேன். 'என்ஜாய் எஞ்சாமி' 2021ல வந்தப்ப சின்னப்புள்ள வரைக்கும் பாடுச்சு, அதுவும் சினிமாப் பாட்டு கிடையாது. அதுல வர்ற பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல வேல பாத்தவங்க, எங்க சீமையில இருந்து கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டிப் பொழைக்கப் போனவங்க கொஞ்சநஞ்சம் இல்ல, செட்டியார் வீட்டுல கணக்குப்புள்ளையாப் போனவங்களும் உண்டு, தோட்டத்துக்குக் கூலியாப் போனவங்களும் உண்டு, அதனால அந்தப் பாட்டு எங்களுக்கு வெளியூர்ப் பாட்டு மாதிரியே தெரியல. சரி, அதப் பாடுன அறிவு யாருன்னு பின்னாடி போங்க, 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' வரும். பா. ரஞ்சித்தோட நீலம் பண்பாட்டு மையமும் டென்மாங்கற இசைக் கலைஞரும் சேர்ந்து உருவாக்குன குழு, முதல் கச்சேரி 2018 ஜனவரி 6ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்துல நடந்துச்சு. பேரு கூட அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன சாதியில்லாத் தமிழர்ங்கறதுல இருந்து எடுத்தது. கானாவும் ராப்பும் ராக்கும் ஒண்ணாக் கலந்து நேரடியா அரசியல் பேசும். அதுல பாடுன இசைவாணியோட குரல் தனியாத் தெரியும், 2020ல பிபிசி போட்ட உலகத்துப் பெண்கள் நூறு பேர் பட்டியல்ல அவங்க பேரு இருந்துச்சு. அந்த டென்மாவப் புடிச்சு இன்னும் பின்னாடி போனா அவரும் கபேர் வாசுகியும் சேர்ந்து பண்ணுன 'குரங்கன்' இருக்கு. கபேர் வாசுகி தனியாவும் பாட்டு போட்டிருக்காரு, 'அழகு புரட்சி'ன்னு ஒரு ஆல்பம், ஒரு கிட்டார வச்சுக்கிட்டு பக்கத்து வீட்டுப் பையன் பேசுற தமிழ்ல பாடுவாரு, எனக்கு அவர ரொம்பப் புடிக்கும், ராத்திரி புரோகிராம் முடிஞ்சு வண்டியில திரும்பி வர்றப்ப பசங்க தூங்குனதும் நான் போடுறது அதத்தான்.

காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மாதிரி பேண்ட நான் இவ்வளவு தூக்கி வச்சுப் பேசுறதுக்கு என் தொழிலும் ஒரு காரணம். பறையையும் எலக்ட்ரிக் கிட்டாரையும் ஒரே மிக்ஸர்ல கொண்டுவர்றது சாதாரண வேல இல்ல சார். பறைய, எங்க ஊர்ல தப்புன்னு சொல்றத, தீயில காட்டி சூடேத்துவாங்க, தோல் இறுகுனா சுருதி ஏறும், கொஞ்ச நேரத்துல குளுந்து இறங்கிரும், பனிக்காலத்துல இன்னும் சீக்கிரமா இறங்கும். கிட்டார் அப்படிக் கிடையாது, வச்ச எடத்துல நிக்கும். அதுலயும் தப்புக்கு ரெண்டு குச்சி, அடிக்குச்சியில கும்முனு ஒரு சத்தம், சிண்டுக்குச்சியில சுரீர்னு ஒரு சத்தம். எங்க ஊர்க் கச்சேரியில நாங்க என்ன பண்றோம்னா தப்புக்கு ஒரே ஒரு மைக்க முன்னாடி நட்டுட்டு, அது எப்படியும் கேக்கும்னு விட்டுர்றோம், பாட்டுக்காரர் மைக்குக்கும் கீபோர்டுக்கும்தான் கவனம் எல்லாம் போகுது. இந்த மாதிரி பேண்டுகளோட ரெக்கார்டிங்கக் கேட்டப்பதான் பறை முன்னால நிக்கிறப்ப பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் எங்க எடம் விடணும், எங்க சேந்து விழணும்னு எனக்கு ஒரு புடி கெடச்சுது. ரெண்டு மைக் வைங்கடா, ஒண்ணு தோலுக்கு முன்னால, ஒண்ணு சிண்டுக்குச்சி விழுகுற பக்கம்னு இப்ப பசங்ககிட்டச் சொல்றேன், தப்பு அண்ணன்மாருக்கே அந்த வித்தியாசம் தெரியுது, அவங்க முகத்துலயே பாக்கலாம்.

சத்தம் வேணாம், அமைதியா ஆரம்பிக்கணும்னா 'லா பொங்கல்' கேளுங்க. 'மெட்ராஸ்' படத்துலயும் 'கபாலி'யிலயும் பாடுன பிரதீப் குமார், 'எனை நோக்கிப் பாயும் தோட்டா'வுக்கு மியூசிக் போட்ட டர்புகா சிவா, இவங்கெல்லாம் சேந்து நாட்டுப்புறப் பாட்டுக்குன்னே வச்ச பேண்டு. நாத்து நடுறப்பவும் கும்மியிலயும் வர்ற தாளத்த அவங்க கெடுக்கவே இல்ல, சுத்தி கிட்டார மட்டும் இதமாப் போட்டிருக்காங்க, வயசானவங்களும் உக்காந்து கேப்பாங்க. அப்புறம் 'காசு பணம் துட்டு' பாட்டுல கானா பாலாவோட சேந்து பாடுன அந்தோணி தாசன், தஞ்சாவூர்ப் பக்கம் கரகாட்ட மேடையில இருந்து வந்தவர், அவருக்குன்னு தனி பேண்டு இருக்கு, மேடையில அவரு நின்னா மைக்கே வேணாம்னு தோணும்.

வெளி மாநிலத்துல ரெண்டு மட்டும் சொல்றேன். டெல்லி 'இந்தியன் ஓஷன்', 1990ல இருந்து வாசிக்கிறாங்க, 2000த்துல வந்த 'கந்தீசா' ஆல்பத்தக் கண்டிப்பாக் கேக்கணும், அதுல கேரளத்து சிரியன் கிறிஸ்தவங்க பாடுற பழைய பிரார்த்தனையும் இருக்கு, நர்மதை ஆத்தப் பத்தின 'மா ரேவா'வும் இருக்கு, அந்தப் பாட்டப் பாடுற ராகுல் ராம் நர்மதை அணை எதிர்ப்புப் போராட்டத்துல நின்னவர். இன்னொண்ணு கேரளத்து 'அவியல்', 2008ல வந்த அவங்க முதல் ஆல்பத்துல மலையாளத்துல முழுசா ராக் பண்ணியிருப்பாங்க, 'ஆடு பாம்பே'ன்னு ஒரு பாட்டு ஆரம்பிக்கிறப்பவே நம்ம பாம்பாட்டிச் சித்தர் ஞாபகம் வந்துரும்.

கல்கத்தாவுல 'மொஹீனர் கோராகுலி'ன்னு ஒரு பேண்டு இருந்துச்சு. 1970கள்ல பாவுல்ங்கற வங்காளத்து நாட்டுப்புறப் பாட்டையும் கிட்டாரையும் சேத்து வங்காளத்துல பாடுனாங்க. அன்னைக்குக் கேக்க ஆளு இல்ல, கொஞ்ச வருஷத்துல கலைஞ்சு போச்சு. ரொம்ப நாள் கழிச்சு 90கள்லதான் அவங்க பாட்ட ஜனங்க தேடித் தேடிக் கேட்டாங்க, 2006ல ஒரு இந்திப் படத்துல அவங்க மெட்டு வந்து நாடு முழுக்க ஹிட்டாச்சு, கேட்ட முக்கால்வாசிப் பேருக்கு அது யாரோட மெட்டுன்னு இன்னைக்கும் தெரியாது. இத நெனச்சாத்தான் எனக்கு வயித்தக் கலக்குது. தமிழ்ல இப்ப பாடிட்டு இருக்குற பசங்களுக்கும் இந்த நெலம வரக்கூடாது, அவங்க பாடுற காலத்துலயே கேட்டுறணும், கலைஞ்சதுக்கு அப்புறம் நாம பாராட்டி என்ன பிரயோஜனம்.

எங்க ஊர்க்காரங்களுக்கு இதெல்லாம் ஏறாதுன்னு யாராச்சும் சொன்னா நான் ஒத்துக்கமாட்டேன். ஏவிஎம் மெய்யப்ப செட்டியார எல்லாருக்கும் சினிமாக்காரராத்தான் தெரியும், தேவகோட்டை ரஸ்தாவுல கொட்டகை போட்டு, 1947ல வந்த 'நாம் இருவர்' எடுத்தவர், ஆனா அதுக்கெல்லாம் முன்னாடி அவரு கிராமபோன் ரெக்கார்டு வியாபாரம் பாத்தவர் சார், சரஸ்வதி ஸ்டோர்ஸ்ல. பாட்டத் தட்டுல போட்டு அதுக்காகவே காசு குடுத்து ஜனங்க வாங்குன காலம் அது. கோட்டையூர் ரோஜா முத்தையா சேத்து வச்ச புத்தகத்துல பாட்டுப் புத்தகமும் நாடக நோட்டீஸும் எவ்வளவு இருக்கு, அதெல்லாம் இன்னைக்கு சென்னையில அவர் பேர்லயே இருக்குற ஆராய்ச்சி நூலகத்துல பத்திரமா இருக்கு. புது மெட்டுக்குச் சரக்கு தேடுற எந்த பேண்டுக்கும் அது பெரிய புதையல். எங்க சிவகங்கை மாவட்டத்துலயே இளையான்குடி பக்கம் மாரந்தையில பொறந்த கே.ஏ. குணசேகரன் ஐயா, இன்குலாப் எழுதுன 'மனுசங்கடா' பாட்ட ஊர் ஊராக் கொண்டு போனவரு, சின்னப்பொண்ணு அக்காவும் இந்த மாவட்டத்துக்காரங்கதான், 2008ல 'நாக்க முக்க' பாடுற வரைக்கும் அவங்க நாட்டுப்புற மேடையில பாடிட்டுத்தான் இருந்தாங்க, அப்பெல்லாம் எத்தன பத்திரிகை அவங்களப் பத்தி எழுதுச்சு. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்குற நகரத்தார் காவடியில பாட்டு இல்லாம நட இல்ல. அப்பத்தாமாரு பாடுன தாலாட்டும் ஒப்பாரியும் இன்னும் வீட்டுக்கு வீடு இருக்கு. இவ்வளவு பாட்டு இருக்குற எடத்துல இருந்து ஒரு பேண்டு வரணும் சார், வரும், ஆனா மத்தவங்க எப்படிப் பண்ணியிருக்காங்கன்னு எங்க பசங்க கேட்டாத்தான வரும்.

நான் கேக்குறது பெரிசு ஒண்ணும் இல்ல. வாரத்துக்கு ஒரு கால் பக்கம் ஒதுக்குங்க. பேண்டோட பேரு, எந்த ஊரு, யார் யார் என்ன வாசிக்கிறாங்க, மொதல்ல எந்தப் பாட்டக் கேக்கணும், அவ்வளவு போதும். பேர மட்டும் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் போட்டிருங்க, தமிழ்ல அடிச்சாப் பாதி பாட்டு ஆப்ல வர மாட்டேங்குது. ஸ்டார் குடுக்குறது, மார்க் போடுறதெல்லாம் வேணாம். சினிமாப் பாட்டு விமர்சனம் எழுதுறப்பவும் யார் தவில், யார் நாதஸ்வரம், யார் பேஸ் கிட்டார்னு கெடச்ச பேரையெல்லாம் போடுங்க, அந்தப் பேர வச்சு ஒருத்தன் தேடிப் போயிருவான்.

முடிஞ்சா தை பொறக்குறதுக்குள்ள ஆரம்பிங்க சார். மாசி பங்குனிக்கு முத்துமாரியம்மன் கோயில் விசேஷம் வருது, சுத்துப்பட்டு ஊருலயெல்லாம் கமிட்டிக்காரங்க கச்சேரிக்கு அட்வான்ஸ் குடுக்குறது அதுக்கு முன்னாடிதான், ஒரு தடவ அட்வான்ஸ் போயிருச்சுன்னா அப்புறம் அந்த வருஷம் பேச முடியாது. மொத வாரம் லா பொங்கல் போடுங்க, பேப்பரக் கத்தரிச்சு நானே கமிட்டி கமிட்டியாக் கொண்டுபோய்க் குடுக்குறேன், அந்த மாதிரி ஒரு பேண்டக் கூப்புட ஒத்துக்குற ஊருக்கு அன்னைக்கு ராத்திரி சவுண்டுக்கு வாடகை வாங்கமாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு சவுண்ட் சர்வீஸ்காரர்,
காரைக்குடி.