கைத்தடி எந்தக் கையில்?

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாச்சு. உட்கார்ந்து எழுத இப்பத்தான் முடியுது. இடது இடுப்பு மூட்டு மாத்தி ஆறு வாரம். தையல் ஆறிடுச்சு, வாக்கரை விட்டுட்டுக் கைத்தடிக்கு வந்தாச்சு. தூக்கம்தான் இன்னும் வர மாட்டேங்குது.

அதனால நீ சொன்ன 'ஹவுஸ்' தொடரை ஆரம்பிச்சேன், புதிரான நோய்களைக் கண்டுபிடிக்கிற டாக்டர் ஹவுஸைப் பத்தின அந்த அமெரிக்க ஆஸ்பத்திரித் தொடர். மொத்தம் 177 எபிசோட். நாளுக்கு நாலுன்னு பார்த்து ஏழாவது சீசனுக்கு வந்துட்டேன். நீ நர்ஸ் வேலையை விட்டுப் போய் முப்பது வருஷம் ஆச்சு, அதான் "இதெல்லாம் நிஜத்துல இப்படித்தானா?"ன்னு கேட்கிற. வரிசையாச் சொல்ல எனக்கு வராது, உறுத்தினதிலிருந்து சொல்றேன்.

முதல்ல அந்தத் தடி. ஹவுஸுக்கு வலது தொடையில ரத்த ஓட்டம் அடைபட்டுத் தசை செத்துப்போச்சு. தடியையும் வலது கையிலேயே ஊன்றி நடக்கிறார். எனக்கு பிசியோதெரபிஸ்ட் முதல்ல சொல்லிக்கொடுத்ததே, தடி நல்ல காலின் பக்கம் இருக்கணும்னுதான். கெட்ட காலை எடுத்து வைக்கும்போது எதிர்ப்பக்கத்துத் தடியும் கூடவே இறங்கினாதான் இடுப்புமேல விழற பாரம் குறையும். சும்மா இருக்காம ஒருநாள் ஹவுஸ் மாதிரி கெட்ட கால் பக்கமே, அதாவது இடது கைக்கு மாத்திக்கிட்டு ஹாலைக் கடந்து பார்த்தேன். நாலாவது அடியில உடம்பு ஒரு பக்கமாச் சரிஞ்சு, கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். நல்லவேளை, யாரும் பார்க்கலை.

அடுத்தது, மானிட்டர்ல கோடு நேராப் போனதும் "ஷாக் குடு!"ன்னு கத்தறது. இது எல்லா ஆஸ்பத்திரித் தொடருக்கும் உள்ள வியாதி. இதயம் தாறுமாறாத் துடிக்கும்போது அந்தக் குழப்பத்தை ஒரு நொடி நிறுத்தத்தான் ஷாக். துடிப்பே இல்லாதப்ப எதை நிறுத்தறது? நெஞ்சை அமுக்கணும், அட்ரினலின் போடணும், ஏன் நின்னுதுன்னு தேடணும். அமுக்கறதும் நிமிஷத்துக்கு 100லேருந்து 120 தடவை, நெஞ்சு அஞ்சு சென்டிமீட்டராவது இறங்கற மாதிரி. உனக்கு ஞாபகம் இருக்கா, நம்ம முதல் கேஸ்ல அந்தப் பெரியவரோட விலா எலும்பு என் உள்ளங்கைக்குக் கீழே 'நறுக்'குன்னு உடைஞ்சது? நான் கையை எடுத்துட்டேன். "எடுக்காதடி!"ன்னு நீதான் அதட்டினே. டிவியில முழங்கையை மடக்கிக்கிட்டு மாவு பிசையற மாதிரி அமுக்கறாங்க. உயிரோட இருக்கிற நடிகரை நிஜமா அமுக்க முடியாது, அது வேற விஷயம். ஆனா நோயாளி எழுந்து உட்கார்ந்துடறாரே! 1996ல அமெரிக்க டாக்டர்கள் அங்கே ஓடின மூணு தொடரைப் பார்த்துக் கணக்கெடுத்தாங்க. நெஞ்சை அமுக்கினவங்கள்ல 67 சதவீதம் பேர் பிழைச்சு வீட்டுக்குப் போயிட்டதா அதுல காட்டியிருந்தாங்களாம். நாம எத்தனை சொந்தக்காரங்க முகத்தை நேருக்கு நேர் பார்த்திருக்கோம், அவங்க எதிர்பார்ப்பு எங்கேருந்து வந்ததுன்னு இப்பப் புரியுது.

என்னோட பெரிய கோபம் வேற. சிஸ்டர்கள் எங்கேடி? ரத்தம் எடுக்கிறது, ஸ்கேன் மெஷினை ஓட்டறது, லேப்ல உட்கார்ந்து ஸ்லைடு பார்க்கிறது, எல்லாமே அந்த மூணு நாலு டாக்டர்கள்தான். போதாததுக்கு நோயாளி வீட்டுப் பூட்டை உடைச்சுத் துப்பறியவும் நேரம் இருக்கு. ராத்திரி மூணு மணிக்கு நோயாளிக்கு மூச்சு வாங்கறதை முதல்ல பார்க்கிறது யாருன்னு எழுதினவங்களுக்குத் தெரியவே இல்லை.

ஆனா நோய்கள் நிஜம். நியூயார்க் டைம்ஸ்ல புதிரான நோய்களைப் பத்தி எழுதற டாக்டர் லிசா சாண்டர்ஸ் இதுக்கு ஆலோசகர். ஒவ்வொரு நோயும் எங்கேயோ யாருக்கோ வந்ததுதான். ஒரே ஆஸ்பத்திரிக்கு வாராவாரம் வரிசையா வர்றதுதான் பொய். நோயாளி எதையாவது மறைப்பான்னு ஹவுஸ் சொல்றதுல ஏறக்குறைய முழு உண்மை இருக்கு. "ஒரு மாத்திரைகூட விடலை சிஸ்டர்"னு சொன்னவங்க தலையணைக்கடியில எத்தனை மாத்திரை எடுத்திருப்போம்!

ஹவுஸ் மாதிரி ஒரு ஆள் கூட வேலை செஞ்சா ஒரு வாரத்துல மெமோ எழுதிக் குடுத்திருப்பேன். எனக்குப் பிடிச்சது அவரோட நண்பர் டாக்டர் வில்சன்தான். திட்டிக்கிட்டே கூட இருக்கிறார். ஹவுஸ்கிட்ட எப்பவாவது ஒரு மனுஷ முகம் தெரியுதுன்னா அது வில்சன் எதிர்ல உட்கார்ந்திருக்கிறப்ப மட்டும்தான்.

ஏழாவது சீசன்லதான் வந்தது வினை. ஹவுஸோட மேலதிகாரி டாக்டர் கடி (Cuddy), அவங்க அம்மாவுக்குச் செயற்கை இடுப்பு மூட்டு உலோகத்திலேருந்து கோபால்ட் விஷம். பாதி ராத்திரியில என் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கிட்டேன்! தேடிப் படிச்சா, 2012ல ஜெர்மனியில மார்பர்க்ல 55 வயசு ஆள், இதயம் செயலிழந்து, காதும் கண்ணும் மங்கி வந்திருக்கிறார். ஏற்கெனவே இருந்த செராமிக் மூட்டு உடைஞ்சு உலோகத்துல மாத்தியிருக்காங்க. உள்ளே மிஞ்சின செராமிக் துகள் உலோகத்தை அரைச்சு ரத்தத்துல கோபால்ட் ஏறிடுச்சு. ஹவுஸைப் போட்டுக் காட்டியே மாணவர்களுக்குப் பாடம் நடத்தற பேராசிரியர் ஒருத்தர், இந்த எபிசோட் ஞாபகம் வந்துதான் கண்டுபிடிச்சாராம். 2014ல 'லான்செட்' மருத்துவ இதழ்லயே வந்திருக்கு.

செக்கப்புக்குப் போனப்ப சர்ஜன்கிட்ட கேட்டே கேட்டுட்டேன். "உங்களுக்குப் பந்து செராமிக், கிண்ணம் பிளாஸ்டிக். ராத்திரியில டிவியைக் குறைச்சுக்குங்க சிஸ்டர்"ங்கிறார்.

எட்டாவது சீசனை ஆரம்பிக்காம வெச்சிருக்கேன். அடுத்த மாசம் வர்றேன்னு எழுதியிருக்கியே, சேர்ந்து பார்க்கலாம். அதுவரைக்கும் முடிவை மட்டும் சொல்லித் தொலைக்காதே.

உன் பழைய ரூம்மேட்