சங்கக் கட்டடச் சீரமைப்பு: பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஜார்ஜ் டவுனில் உள்ள நம் சங்கக் கட்டடத்தில் வேலை முடிந்து, அலுவலகம் பழைய கூடத்துக்கே திரும்பிவிட்டது. வரவு செலவுக் கணக்கு, தணிக்கையாளர் சான்றுடன் தனியே வருகிறது. பலரும் கேட்டது ஒன்றுதான்: ஏசியை ஏன் தரைக்கு அடியில் கொண்டுபோனீர்கள்?

காரணம் நம் கூரை. தேக்குச் சட்டங்களுக்கு மேல் செங்கல்லைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டிய மெட்ராஸ் டெரஸ் அது. வழக்கப்படி செய்வதென்றால் அதன் கீழே தகரக் குழாய்களை ஓட்டி, ஃபால்ஸ் சீலிங் அடித்து மூடவேண்டும். அப்புறம் கரையான் ஏறினாலும் மழைநீர் கசிந்தாலும் யார் கண்ணிலும் படாது. எப்போதோ இப்படி மூடப்பட்ட கணக்குப் பிரிவில் அதுதான் நடந்திருந்தது. பலகையைக் கழற்றியபோது, ஓர் உத்திரத்தின் சுவரோர முனை விரல் பட்டாலே உதிர்ந்தது. கெட்டதை வெட்டியெடுத்து, பழைய தேக்கிலேயே ஒட்டுப்போட்டிருக்கிறோம்.

கடப்பைக் கல் தரையில் ஒரு துளைகூட இல்லை. ரப்பர் பட்டைமேல் இரும்புக் கால்களை நிறுத்தி, ஓர் அடி உயரத்தில் கழற்றி மாட்டும் பலகைகளைப் பரப்பியிருக்கிறோம். அந்த இடைவெளிதான் காற்றுப் பாதை; மின்கம்பிகளும் அதற்குள்ளேயே. வட்டச் சல்லடைகள் வழியே எழும் குளிர்காற்று ஆள் உயரத்துக்குப் பரவுகிறது. சூடான காற்று மேலே ஏறி, கூரையோரத் திறப்பு வழியே திரும்புகிறது. ஆளில்லாத உயரத்தை வீணாகக் குளிர்விக்க வேண்டியதில்லை. புது வித்தை ஒன்றும் அல்ல; 1985இல் ஹாங்காங்கில் கட்டி முடித்த எச்.எஸ்.பி.சி. வங்கித் தலைமையகத்திலும் இதே முறைதான்.

சென்னையில் ஈரம்தான் தலைவலி. மேலிருந்து விடும் காற்று 13 டிகிரியில் இருக்கலாம். காலடியில் அப்படி விட்டால் பாதம் விறைத்துவிடும். 18 டிகிரி அளவில் வேண்டும். ஆனால் 18க்கு மட்டும் குளிர்வித்தால் கடற்காற்றின் ஈரம் போகாது, கோப்புகள் பூஞ்சை பிடிக்கும். ஆகவே வெளிக்காற்றை முதலில் நன்றாகக் குளிர்வித்து நீரைப் பிரித்து, பிறகு கூடத்திலிருந்து திரும்பும் காற்றோடு கலக்கிறோம். முதல் வரைபடத்தில் இந்த ஏற்பாடே இல்லை. ஆலோசகரை மாற்றியதும், நீங்கள் குறைபட்டுக்கொண்ட தாமதமும் அதனால்தான்.

தரைக்கடியில் புகை விட்டுப் பார்த்ததில் சுவரோரங்களிலும் வாசற்படியிலும் கசிந்தது, அடைத்துவிட்டோம். தரை உயர்ந்ததால் சன்னல் விளிம்பு தாழ்ந்துவிட்டது. கம்பித் தடுப்பு போட்டிருக்கிறோம். பார்க்க அவ்வளவு அழகில்லை, சரி, பாதுகாப்பு முக்கியம். வாசலில் சாய்தளமும் உண்டு.

சல்லடைமேல் பீரோவையோ கோப்புக் கட்டையோ வைக்க வேண்டாம். தரையில் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல், பிழிந்த துணியால் துடைத்தால் போதும். நூலக அறைப் பூச்சு வேலை மட்டும் பாக்கி. சுண்ணாம்பு காய்ந்த பிறகே அலமாரிகள் உள்ளே போகும்.

கட்டடக் குழு