எங்களுக்காக ஜாமீன் நின்றவர்களுக்கு

அன்பானவர்களே,

நாங்கள் நால்வரும் வெளியே வந்துவிட்டோம். வழக்கு நடக்கிறது. தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்துக்குப் போய்க் ஜாமீன் கண்டிஷன்படி கையெழுத்துப் போடுகிறோம். நேரில் பார்த்தவர்களுக்கெல்லாம் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டோம். யார் செய்தது என்று தெரியாத உதவிகளும் நிறைய இருக்கின்றன. அவர்களுக்கும் போய்ச் சேரட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறோம். யாருக்கும் தொந்தரவு வந்துவிடக் கூடாது என்பதால் பெயர் எதையும் சொல்லவில்லை. படித்தால் அவரவருக்குத் தெரியும்.

எங்களை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம். வேலூரில் ஒரு பழைய ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்து, ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து வாழ்கிறோம். சம்பளம் வருகிறவர்கள் அதைப் பொதுவில் வைப்பார்கள், வேலை இல்லாதவர்கள் அடுப்பைப் பார்த்துக்கொள்வார்கள். தலைவர், செயலாளர் என்று யாரும் கிடையாது. சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் நடக்கும். எங்களை அரசின்மைவாதிகள் (அனார்க்கிஸ்டுகள்) என்று சொல்லிக்கொள்கிறோம்; மேலிருந்து ஆளும் அரசு இல்லாமலே மக்கள் கூடி வாழ முடியும் என்று நம்புகிறவர்கள். இது எந்த நாட்டுச் சரக்கு, யார் பணம் தருகிறார்கள் என்று விசாரணையில் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். 1887இல் சென்னையில் பிறந்தவர் எம்.பி.டி. ஆச்சார்யா. 1920இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். பிறகு அதிலிருந்து விலகி, 1954இல் பம்பாயில் இறக்கும்வரை அரசின்மைவாதியாகவே இருந்தார். இந்த மண்ணுக்கு இது புதிதல்ல என்பதை அவர்களிடமும் சொன்னோம், இங்கேயும் சொல்கிறோம்.

எல்லாம் ஒரு துண்டறிக்கையில் தொடங்கியது. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்துத் தொழிற்கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பாலாற்றுத் தோல் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996இல். அதற்குப் பிறகு நடந்த சாவுகள் இவை. அவர்களை நினைவுகூர வாருங்கள் என்று துண்டறிக்கை கொடுத்தோம். அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்ததாக எங்கள்மேல் வழக்கு வந்தது.

எதிர்வீட்டு அம்மாவுக்கு முதல் நன்றி. இருட்டு விலகும் முன்பே கதவைத் தட்டிப் பெண் தோழர்கள் இருவரையும் வண்டியில் ஏறச் சொன்னபோது, அவர் நடுத்தெருவில் வந்து நின்றார். "பொழுது விடியட்டும், பொம்பளைப் புள்ளைங்கள இப்ப கூட்டிக்கினு போகக்கூடாது" என்று சொன்னார், அவ்வளவுதான். சூரியன் மறைந்து உதிக்கும்வரை, விசேஷ காரணமும் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் இல்லாமல் பெண்ணைக் கைதுசெய்யக் கூடாது என்று பிஎன்எஸ்எஸ் என்கிற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 43ஆம் பிரிவு சொல்வது அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்த நியாயம் அதுவே. விடியும்வரை வண்டி நகரவில்லை. அந்த நேரத்துக்குள் எங்களிடம் படிக்கும் பையன் ஒருவன் சைக்கிளில் வக்கீல் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான். தம்பி, நீ போன வேகம்தான் எங்களைக் காப்பாற்றியது.

வக்கீல்களுக்கும் அவர்களுடைய குமாஸ்தாவுக்கும் நன்றி. ஒரு பைசா வாங்கவில்லை. ரிமாண்டுக்கு முந்தைய பரிசோதனையில், தோழரின் கன்னத்து வீக்கத்தை அளந்து ஆஸ்பத்திரியில் காயங்களைக் குறிக்கும் ஏஆர் பதிவேட்டில் உள்ளபடியே எழுதிய இளம் டாக்டருக்கும் நன்றி. "நான் பார்த்ததைத்தானே எழுத முடியும்" என்று அவர் சொன்னதை நாங்கள் மறக்க மாட்டோம்.

ஜாமீன் கிடைத்த பிறகுதான் பெரிய சிக்கல். ஆளுக்கு இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும். நால்வருக்கு எட்டுப் பேர். ஆதார் நகல், போட்டோ, வீட்டு வரி ரசீது, இடது கைப் பெருவிரல் ரேகை. சொந்தக்காரர்களில் பலர் போனையே எடுக்கவில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை, போலீஸ் அவர்கள் வீட்டுக்கும் போயிருந்தது. சத்துவாச்சாரி கோர்ட்டு வாசலில் அன்று வந்து நின்றவர்கள் யார் தெரியுமா? சைக்கிள் கடை பாய், பள்ளிக்கூட வாசலில் மாங்காய் விற்கும் ஆயா, தோல் ஷாப்பில் வேலைபார்த்து ஓய்ந்த பெரியவர் ஒருவர், குடியாத்தத்திலிருந்து பஸ் பிடித்து வந்த பீடி சுற்றும் அக்கா. அந்த அக்காவின் ரேகை விழவே இல்லை. வருஷக்கணக்கில் இலை மடக்கி விரல் வழவழவென்று ஆகிவிட்டது. மை தடவி அழுத்தினால் கறுப்பு வட்டம்தான் வந்தது. துடைத்து, மறுபடி மை தடவி, குமாஸ்தா அவர் விரலைப் பிடித்து மெல்ல உருட்டியபோது ஓரத்தில் நாலு கோடு தெரிந்தது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர். அன்று ஒரு பீடிகூடச் சுற்றவில்லை. பஸ் காசு கொடுக்கப் போனதற்குக் கோபித்துக்கொண்டார். நாங்கள் ஓடிப்போனால் தண்டம் கட்ட வேண்டியவர் அவர். எங்கள் கொள்கை என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒருவருக்கொருவர் துணை நிற்பதைப் பற்றி எங்கள் வீட்டில் ராத்திரி ராத்திரியாகப் பேசியிருக்கிறோம். அதை இந்தத் தெரு எங்களுக்கு முன்பே செய்துகொண்டிருக்கிறது. இனி எங்கள் பேச்சும் வேலையும் இவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நால்வருமே நினைக்கிறோம்.

திருப்பத்தூர் பக்கத்திலிருந்து ஒரு தாத்தா வாய்தா நாளில் வந்து, சாயங்காலம்வரை மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். ஏன் வந்தீர்கள் என்று கேட்டோம். 1980-81இல் அந்த வட்டாரத்தில் என்கவுன்டர் என்ற பெயரில் இளைஞர்களைச் சுட்டுக் கொன்ற காலத்தை அவர் பார்த்திருக்கிறார். "அப்ப அந்தப் பசங்களுக்காக யாரும் வந்து நிக்கல. பயம்" என்றார். தாத்தா, நீங்கள் அங்கே உட்கார்ந்திருந்தது எங்களுக்குப் பெரிய பலம்.

தொரப்பாடி ஜெயிலுக்கு மனுப் போட்டு எங்களைப் பார்க்க வந்து, சோப்பும் துண்டும் பிஸ்கட்டும் கொடுத்துவிட்டுப் போனவர்களுக்கு நன்றி. வீட்டைக் காலி செய்யச் சொல் என்று எத்தனை முறை சொல்லியும் அசையாத வீட்டுக்காரருக்கு நன்றி. உண்டியல் சுற்றியவர்களுக்கு நன்றி. வரவு செலவுக் கணக்கை எங்கள் வாசல் சுவரில் ஒட்டியிருக்கிறோம், யாரும் பார்க்கலாம்.

மீதிப் பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளே எங்களோடு ஒரு வடநாட்டுத் தம்பி இருந்தான். ஜாமீன் உத்தரவு வந்தும், இந்த ஊரில் அவனுக்குக் கையெழுத்துப் போட ஆளில்லாமல் கிடக்கிறான். ஜாமீன் கிடைத்து 7 நாளில் கைதி வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் உத்தரவிட்டிருக்கிறது. அதைக் காட்டி எங்கள் வக்கீல் மனு எழுதிவிட்டார். மீதியை அவன் செலவுக்கு வைத்திருக்கிறோம். ஜாமீன்தாரர் ஒருவர் கிடைத்துவிட்டார், சைக்கிள் கடை பாய்க்குத் தெரிந்தவர். இன்னொருவர் வேண்டும். வீட்டு வரி ரசீது இருக்கிறவர்கள் சாயங்காலம் வகுப்பு நேரத்தில் வீட்டுக்கு வாருங்கள். எங்கள் செல்போன்கள் இன்னும் கோர்ட்டில்தான் இருக்கின்றன, அதனால் நேரில்தான் வர வேண்டும்.

உங்கள்,
ஓட்டு வீட்டுப் பிள்ளைகள்
வேலூர்