தண்ணீர் தேடி வந்த வீடு

ஆசிரியருக்கு வணக்கம்.

பல்லாவரம் - துரைப்பாக்கம் ரேடியல் சாலையில் தினமும் வண்டியில் போகிறவன் நான். குளிர்காலக் காலையில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரமாக நிறுத்திப் பார்த்தால், பூநாரைகள் கழுத்தை வளைத்துச் சேற்றை அலசிக்கொண்டிருக்கும், தூரத்தில் பெருங்குடி குப்பைமேடு. கழிவுநீர் கலக்கும் ஓரத்தில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது, தாழைக்கோழி அதன் மேலேயே நடந்து பழகிவிட்டது.

2022-இல் பள்ளிக்கரணைக்கு, உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்கிற ராம்சார் அந்தஸ்து கிடைத்தது, சந்தோஷம். ஆனால் ஏதோ பறவைகளின் இடம் என்று மட்டும் இதைப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தென்சென்னை ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர் இங்கே வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு என்ற ஓடை வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும் அப்புறம் கோவளம் முகத்துவாரத்துக்கும் போகிறது. அதன் குறுக்கே ரோடு போட்டோம், குப்பை கொட்டினோம், வீடும் கட்டினோம் (நான் இருப்பதும் அப்படி ஒரு பிளாட்தான், மறைக்க என்ன இருக்கிறது). 2015 டிசம்பரில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு நின்ற தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடித்தான் வந்தது.

மழைக்கு முன் மடுவைத் தூர்வாரும்போது சதுப்புநில எல்லைக்கற்களையும் கண்ணில் படும்படி நட்டுவிடுங்கள். வீடு வாங்க வருகிறவர்களுக்காவது தெரியட்டும், புரோக்கர் சொல்ல மாட்டார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பள்ளிக்கரணை